பாத்தியே பாடம் சொல்லும்படி: ஈசூனில் ஒரு சமூகத் தோட்டப் பயிற்சி

சிங்கப்பூரின் ஈசூன் பேட்டையில் எங்கள் அடுக்குமாடி புளோக்குகளுக்கு நடுவே உள்ள சமூகத் தோட்டத்தின் ஒரு மூலையை, படிப்பதிலோ, கேட்டுப் புரிந்துகொள்வதிலோ, நினைவில் வைத்துக்கொள்வதிலோ சிரமம் உள்ள பெரியவர்களுக்குத் தோட்டவேலை கற்றுக்கொடுப்பதற்காக மாற்றியமைத்தோம். அதை எப்படிச் செய்தோம், எந்த ஏற்பாடு பலன் தந்தது என்பதை, இதே முயற்சியில் இறங்க நினைக்கும் பிற தோட்டக் குழுக்களுக்கு உதவும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன். தேசியப் பூங்காக் கழகம் 2005ஆம் ஆண்டில் ‘கம்யூனிட்டி இன் புளூம்’ திட்டத்தைத் தொடங்கியபின், தீவெங்கும் சமூகத் தோட்டங்கள் பெருகிவிட்டன. மின்தூக்கியில் கீழே இறங்கினால் தோட்டம் என்ற நிலை பல பேட்டைகளில் வந்துவிட்டது. ஆனால் அந்த வேலிக்குள் சென்று வேலை செய்பவர்கள் பெரும்பாலும் தாமாகவே விசாரித்தும் படித்தும் கற்றுக்கொள்ளக்கூடியவர்கள்தான். வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போகிறவர்களில் பலருக்கு உள்ளே வர ஆசை இருக்கிறது என்பதை நான் நேரில் அறிவேன்.

எங்களிடம் வருபவர்கள் ஒரே வகையினர் அல்லர். டவுன் சிண்ட்ரோம் உள்ள ஓர் இளைஞர் தம் தாயாருடன் வருகிறார். பக்கவாதத்துக்குப் பின் வலக்கை செயலிழந்து, சொல்ல நினைக்கும் சொல் நாவுக்கு வராமல் தவிக்கும் முன்னாள் டாக்சி ஓட்டுநர் ஒருவர் இருக்கிறார். மறதிநோயின் தொடக்கக் கட்டத்தில் உள்ள ஒரு பாட்டியை அவருடைய மகள் அழைத்து வருகிறார். பாட்டி சிறுமியாக வளர்ந்தது செம்பவாங் கடற்படைத் தளத்தின் தொழிலாளர் குடியிருப்பில். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வதற்காகப் பள்ளிக்கே அனுப்பப்படாத இரண்டு அம்மாமாரும் உண்டு. சிங்கப்பூரில் கட்டாயக் கல்விச் சட்டம் நடப்புக்கு வந்தது 2003ஆம் ஆண்டில். மிதமானது முதல் கடுமையானது வரையிலான சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளுக்கு அது விரிவுபடுத்தப்பட்டது 2019ஆம் ஆண்டில். அதற்கு முன் பிறந்து வளர்ந்தவர்கள் கற்றதும் கல்லாததும் வீட்டு நிலைமையைப் பொறுத்தே அமைந்தது. சிறப்புக் கல்விப் பள்ளியில் படித்தவர்களுக்கும் 18 வயதில், சில பள்ளிகளில் 21 வயதில், பள்ளி வாழ்க்கை முடிந்துவிடுகிறது. அதன் பிறகும் கற்றுக்கொள்ளும் ஆற்றல் இருக்கிறது. கற்றுக்கொள்வதற்கான இடம்தான் சுருங்கிவிடுகிறது.

இப்படிப் பலதரப்பட்டவர்களுக்கு ஒரே விளக்கம் பொருந்தாது. அதனால், விளக்கிச் சொல்ல வேண்டியதைப் பாத்தியிலும் கருவியிலும் வேலை வரிசையிலும் வைத்துவிட வேண்டும் என்பதையே அடிப்படையாகக் கொண்டோம். ஆழம் எவ்வளவு, இடைவெளி எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, வேலை முடிந்துவிட்டதா என்ற நான்கு கேள்விகளுக்கும் யாரையும் கேட்காமல், எதையும் படிக்காமல் விடை கிடைக்க வேண்டும்.

முதல் வேலை பாத்தி. ஹார்ட்பார்க் தோட்டக்கலைப் பூங்காவில் 2016ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட சிகிச்சைத் தோட்டத்துக்குச் சென்று, அங்குள்ள உயர்த்திக் கட்டிய பாத்திகளையும் நடைபாதைகளையும் பார்த்துவிட்டு வந்தோம். பூங்காக்களில் வாடகைக்கு விடப்படும் பாத்திகள் 2.5 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் கொண்டவை. இரண்டு பக்கமும் சுற்றி வரக்கூடியவர்களுக்கு அந்த அகலம் சரி. சக்கர நாற்காலியில் ஒரே பக்கத்தில் அமர்ந்து வேலை செய்பவருக்கு எட்டுவது 60 சென்டிமீட்டர்தான். எனவே 1.2 மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம், 25 சென்டிமீட்டர் மண் ஆழம் என்ற அளவில் கால்கள் வைத்த மரத்தொட்டிகளைச் செய்தோம். அடியில் முழங்கால் நுழைவதற்கு 70 சென்டிமீட்டர் இடைவெளி விட்டோம். அந்த அளவுக்குத் தொட்டி கொள்ளும் மண் 180 லிட்டர். நனைந்தபின் 200 கிலோவைத் தாண்டும் என்பதால் கால்களுக்குக் குறுக்குச் சட்டம் கொடுத்து, ஆணிக்குப் பதிலாக போல்ட்டு போட்டு முறுக்கினோம். கனத்தைக் குறைக்க மண்ணோடு மக்கிய உரத்தையும் தென்னை நார்த்தூளையும் சரிபாதிக்குக் கலந்தோம். நடைபாதையின் அகலத்தை, கட்டடங்களில் சக்கர நாற்காலி செல்லும் வழிக்கு இங்குள்ள விதிமுறை சொல்லும் 1.2 மீட்டர் என்ற அளவிலேயே வைத்தோம். தொட்டிகளை ஆண்டு முழுவதும் இருந்த இடத்திலேயே வைத்திருக்கிறோம். மறதி உள்ளவர்களுக்கு இடம் மாறாமல் இருப்பதே பாதி உதவி.

அடுத்தது விதைப்புப் பலகை. இதை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் எங்கள் பயிற்சியின் உயிர்நாடி இதுதான். 60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒட்டுப்பலகையில், 15 சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசைக்கு நான்காக இரண்டு வரிசையில் எட்டுத் துளைகள் போட்டோம். பலகையை மண்மேல் வைத்தால் தொட்டியின் அகலத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தும். கோணலாக வைக்கவே முடியாது. குழி போடுவதற்குத் துடைப்பக் கட்டையின் நுனியை வெட்டி எடுத்து, நுனியிலிருந்து பலகையின் கனத்தோடு ஒரு சென்டிமீட்டர் சேர்த்து அளந்து, அந்த இடத்தில் தடிப்பான ரப்பர் வளையம் மாட்டினோம். வளையம் பலகையைத் தொட்டவுடன் கட்டை நின்றுவிடும். எவ்வளவு பலமாக அழுத்தினாலும் கங்கோங் கீரை விதைக்குத் தேவையான ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் குழி விழாது. வெண்டைக்கு இரண்டு சென்டிமீட்டர் வேண்டும் என்பதால் அதற்குத் தனிக் கட்டை, கையில் பிடித்தவுடன் வேறுபாடு தெரியும்படி துணி சுற்றி வைத்திருக்கிறோம். பலகையில் எட்டுத் துளை. விதை வைக்கும் பனிக்கட்டித் தட்டில் எட்டுக் குழி. ஒவ்வொரு குழியிலும் முந்தின இரவே ஊறவைத்த இரண்டு விதைகளைப் போட்டுத் தட்டைக் கொடுத்துவிடுவோம். தட்டு காலியானால் வேலை முடிந்தது என்று பொருள். எண்ணத் தெரியாதவரும் தம் வேலையைத் தாமே சரிபார்த்துக்கொள்ளலாம்.

கங்கோங்கை முதல் பயிராக எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. விதை விரலில் பிடிபடும் அளவுக்குப் பெரியது; மூன்று முதல் ஐந்து நாள்களில் முளை தெரிந்துவிடும்; நான்கு வாரத்துக்குள் வெட்டிச் சமைக்கலாம். தமிழர், சீனர், மலாய்க்காரர் எந்த வீட்டிலும் அடுப்பேறும் கீரை என்பதால், எதற்காக இந்த வேலையைச் செய்கிறோம் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தண்டுக்கீரை விதை மணல்போலப் பொடியானது. அதை உலர்ந்த மணலோடு கலந்து, பழைய மிளகுத்தூள் குப்பியில் போட்டுத் தூவச் செய்கிறோம். பொன்னாங்கண்ணியும் கற்பூரவல்லியும் தண்டை ஒடித்து நட்டாலே வேர்விடும் என்பதால் விதை விஷயத்தில் சிரமப்படுபவர்களுக்கு அவை நல்ல தொடக்கம். கையில் கிடைத்ததை வாயில் வைக்கும் பழக்கம் சிலருக்கு இருப்பதால், அரளி போன்ற நச்சுச் செடி எதுவும் அந்த மூலைக்கு அருகில்கூட இருக்கக்கூடாது என்பதில் கண்டிப்பாக இருக்கிறோம்.

வேலையைப் பகுத்துக் கற்றுக்கொடுப்பதில், கடைசிப் படியை முதலில் கற்றுக்கொடுக்கும் முறையைக் கையாள்கிறோம். சிறப்புக் கல்வி ஆசிரியர்களுக்கு இது பழகிய முறை. பலகையை வைப்பது, குழி போடுவது, விதை இடுவது, பலகையை எடுப்பது, மண் மூடுவது, தண்ணீர் ஊற்றுவது, அடையாளக் குச்சி நடுவது என்று விதைப்பில் ஏழு படிகள். முதல் வகுப்பில் ஆறு படிகளை நாங்கள் செய்துவிட்டு, குச்சியை நடுவதை மட்டும் கற்பவரிடம் விட்டுவிடுவோம். அது கைவந்தபின் தண்ணீர் ஊற்றுவதும் குச்சி நடுவதும் அவருடையவை ஆகும். இப்படிப் பின்னிருந்து முன்னோக்கிப் போனால், ஒவ்வொரு வகுப்பிலும் வேலையை முடித்துவைப்பவர் கற்பவராகவே இருப்பார். முதல் படியிலிருந்து தொடங்கினால் பாதியில் களைத்துப்போய், மீதியை வேறொருவர் முடிப்பதை வேடிக்கை பார்க்க நேரும். வாழ்நாள் முழுவதும் அப்படியே பழக்கப்பட்டவர்களுக்கு அந்த அனுபவத்தை மறுபடியும் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

அந்த இளைஞர் விதையிடும் படிக்கு வந்தபோது நான் கவனித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். தட்டிலிருந்து இரண்டு விதையை எடுத்துத் துளைக்கு நேரே விரலைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, என் முகத்தை நிமிர்ந்து பார்ப்பார். நான் தலையசைத்தால்தான் விதை விழும். எட்டுத் துளைக்கும் எட்டு முறை பார்ப்பார். அவருக்கு வேலை தெரியாமல் இல்லை. சரியா தவறா என்பதை எப்போதும் அடுத்தவர் முகத்தில் தேடப் பழகியிருந்தார். அதனால் எதிரே நிற்பதை விட்டுவிட்டு, அவருக்குப் பக்கத்தில் அதே திசையில் நின்று, என் கண்ணையும் மண்மேல் வைத்துக்கொண்டேன். பார்ப்பதற்கு முகம் கிடைக்காததால் அவர் தட்டைப் பார்த்தார். குழி காலியாவதைப் பார்த்தார். அடுத்த துளைக்குப் போனார். அதன்பின் எங்கள் தொண்டூழியர்கள் எல்லாரும் கற்பவருக்குப் பக்கவாட்டில் நிற்பதையே வழக்கமாக்கிக்கொண்டோம். செய்துகாட்டும்போது பேசுவதில்லை, பேசும்போது செய்துகாட்டுவதில்லை என்பதும் எங்களுக்குள் வைத்துக்கொண்ட ஒழுங்கு. காதையும் கண்ணையும் ஒரே நேரத்தில் ஈடுபடுத்த முடியாதவர்களுக்கு இரண்டும் சேர்ந்து வந்தால் இரண்டுமே நிற்காது.

தண்ணீர் ஊற்றுவதுதான் மறதி உள்ளவர்களுக்குப் பெரிய சிக்கல். ஊற்றினோமா இல்லையா என்ற ஐயத்தில் திரும்பத் திரும்ப ஊற்றுவார்கள்; செடி அழுகிவிடும். பூவாளி நிறையத் தண்ணீர் 10 கிலோ கனம் இருக்கும் என்பதால் முதியவர்களால் தூக்கவும் முடியாது. ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் புட்டிகளின் மூடியில் ஊசியால் துளைகள் போட்டு, தொட்டிக்கு இரண்டு புட்டி என்று வைத்தோம். தொட்டியின் முன்சட்டத்தில் புட்டியின் கழுத்து நுழையும்படி இரண்டு வளையங்கள் உண்டு. காலையில் நிறைந்த புட்டிகள் தொட்டியின் காலடியில் நிற்கும். ஊற்றி முடித்ததும் மூடியைக் கழற்றிவிட்டு, புட்டியைத் தலைகீழாக வளையத்தில் செருகிவிட வேண்டும். வளையத்தில் இரண்டும் தொங்கினால் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. பாட்டி சில நிமிடங்களில் மறந்துபோய்த் திரும்பி வருவார், தொங்கும் புட்டிகளைத் தொட்டுப் பார்ப்பார், தாமே திரும்பிவிடுவார். “ஊத்தியாச்சு” என்று அவரே சொல்லிக்கொள்வார். நாங்கள் “பாட்டி, இப்போதுதானே ஊற்றினீர்கள்” என்று நினைவுபடுத்தி அவரைக் கூச வைக்கும் தேவையே எழவில்லை.

இந்த ஏற்பாட்டில் இன்னொரு நன்மையும் உண்டு. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை கொசுவாக வளர ஒரு வாரமே போதும். தோட்டத்தில் வாளி, புட்டி, செடித்தட்டு எதிலும் தண்ணீர் தேங்கவிடக்கூடாது என்பது சிங்கப்பூரில் சமூகத் தோட்டம் வைத்திருக்கும் எவருக்கும் தலையாய பொறுப்பு. தலைகீழாகத் தொங்கும் புட்டியில் சொட்டுத் தண்ணீரும் நிற்காது. டெங்கியைப் பற்றித் தனி வகுப்பு எடுக்காமலேயே அந்தப் பழக்கம் எல்லாருக்கும் வந்துவிட்டது. முந்தின மாலை மழை பெய்திருந்தால், விரலை முதல் கணு வரை மண்ணில் விட்டுப் பார்த்து, மண் ஒட்டினால் அன்று புட்டியை நிரப்புவதே இல்லை.

மறதிநோய் தொடங்கியவர்களுக்கு அன்று காலை நடந்தது நினைவில் தங்காவிட்டாலும், நெடுங்காலம் கைக்குப் பழகிய வேலை எளிதில் போவதில்லை. பாட்டி நாற்றை மண்ணிலிருந்து எடுக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். ஆட்காட்டி விரலை வேருக்குக் கீழே கொடுத்து நெம்பி, கட்டைவிரலால் மண்ணோடு சேர்த்து அணைத்து, வேர் அறாமல் தூக்குவார். அந்த நுணுக்கத்தை எங்கள் தொண்டூழியர்கள் அவரிடம்தான் கற்றார்கள்.

அடையாளக் குச்சியைப் பற்றி ஒரு செய்தி. செடியின் பெயரை நான்கு மொழிகளிலும் எழுதிய பலகைகள் தோட்டத்தின் மற்ற பகுதிகளில் இருக்கின்றன. இந்த மூலையில் எழுத்து எதுவும் இல்லை. வளர்ந்த செடியின் ஒளிப்படத்தை நீர் புகாத உறையிட்டுக் குச்சியில் பொருத்தியிருக்கிறோம். கண் மங்கியவர்களுக்காகக் குச்சியின் தலையில் கயிற்று முடிச்சு உண்டு: கங்கோங்குக்கு ஒன்று, வெண்டைக்கு இரண்டு. படிக்கத் தெரியாத பெரியவர்கள் அதை வெளியில் சொல்லமாட்டார்கள். தாளை நீட்டினால் “கண்ணாடிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன், நீங்களே படிச்சிச் சொல்லுங்க” என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் கண்ணாடியைப் பற்றி மேற்கொண்டு பேசக்கூடாது. யாரையும் எதையும் படிக்கவோ கையெழுத்திடவோ கேட்காத ஓர் இடமாக அந்த மூலை இருக்க வேண்டும் என்பதால், வருகைப் பதிவையும் அவரவர் ஒளிப்படம் ஒட்டிய மரவில்லையைக் கொக்கியில் மாட்டும் முறைக்கு மாற்றினோம். அதேபோல, நல்ல வேலைக்குக் கைதட்டுவது, ஒட்டுப்படம் கொடுப்பது போன்ற சிறுபிள்ளைப் பாராட்டுகளை நாங்கள் அனுமதிப்பதில்லை. ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள் குடும்பம் நடத்தியவர்கள். அவர்களை அக்கா, அம்மா, ஐயா என்று அழைத்து, “இந்த வரிசை சரியா இருக்குங்களாம்மா?” என்று அவர்களிடம் கருத்துக் கேட்பதே மரியாதை.

பக்கவாதம் வந்தவருக்குக் கருவியைத்தான் மாற்றினோம். ஒரு கையால் தொட்டிச் செடியை மாற்றி நடும்போது தொட்டி நழுவும் என்பதால், சமையலறையில் வழுக்காமல் இருக்க விரிக்கும் ரப்பர் விரிப்பை மேசையில் போட்டோம். கைமண்வெட்டியின் கைப்பிடியில் பஞ்சுக் குழாய் சுற்றித் தடிப்பாக்கினோம். அவருக்குப் பிறர் சொல்வது புரியும். பதில் சொல்லத்தான் சொல் வராது. “எங்கே நடலாம் ஐயா?” என்று கேட்டால் அவர் முகம் சிவந்துவிடும். “இங்கே நடலாமா?” என்று இடத்தைக் காட்டிக் கேட்டுவிட்டுக் காத்திருந்தால், கட்டைவிரலை உயர்த்துவார் அல்லது தலையை ஆட்டி வேறிடம் காட்டுவார். காத்திருப்பது தொண்டூழியருக்குக் கடினமான பாடம்.

களையெடுப்பைக் கற்றுக்கொடுப்பது விதைப்பைவிடக் கடினம், ஏனென்றால் இளம் பயிரும் இளம் களையும் பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும். விதைப்புப் பலகையை மறுபடியும் மண்மேல் மெல்ல இறக்கி, துளை வழியே தெரிவது பயிர், பலகைக்கு அடியில் போவது களை என்று பிரித்துக் காட்டினோம். நாற்று நான்கு விரல் உயரம் வரும்வரை இது எடுபடும். ஆனால் பள்ளிக்குச் செல்லாத அந்த அம்மாக்களில் ஒருவர் பலகைக்கு வெளியே முளைத்திருந்த செடியைப் பிடுங்க மறுத்துவிட்டார். “தம்பி, இதப் போயி களைங்கிறியே. இது கீழாநெல்லிப்பா” என்று இலையைத் திருப்பி, அதன் அடியில் வரிசையாகத் தொங்கும் பொடிக் காய்களைக் காட்டினார். அதே வகுப்பில் குப்பைமேனியையும் அடையாளம் காட்டி, அதன் வேரைப் பூனை தேடிவந்து புரளும் என்றார், அது உண்மைதான். அன்றிலிருந்து கீழாநெல்லிக்கும் குப்பைமேனிக்கும் ஒரு தொட்டி ஒதுக்கினோம். களைவகுப்பை அவரே நடத்துகிறார். எழுதத் தெரியாதவர் என்று பதிவேட்டில் குறிக்கப்பட்ட ஒருவருக்கு எத்தனை செடிகளைத் தெரியும் என்பதை, அவர் கையில் இலையைக் கொடுக்கும்வரை நாம் அறிய வழியில்லை.

பூச்சியும் நத்தையும் எல்லாத் தோட்டங்களுக்கும் பொதுவானவை என்பதால் அதிகம் எழுதவில்லை. பெரிய ஆப்பிரிக்க நத்தையைக் கையுறை இல்லாமல் தொடக்கூடாது, அதனிடம் மனிதருக்கு நோய் தரும் ஒட்டுண்ணி இருக்கக்கூடும் என்பதை மட்டும் ஒவ்வொரு வகுப்பிலும் வலியுறுத்துகிறோம். நவம்பர், டிசம்பர் மாதங்களின் அடைமழை தூவிய தண்டுக்கீரை விதையை அடித்துக்கொண்டு போய்விடும். ஆகவே அந்த மாதங்களில் தண்டை நடும் பயிர்களையே பயிற்சிக்கு வைக்கிறோம். வெயில் ஏறுவதற்கு முன், காலை எட்டு மணிக்குத் தொடங்கி ஒன்றேகால் மணி நேரத்தில் முடித்துவிடுகிறோம்.

அறுவடையிலும் அளவை கருவியே சொல்லும். கங்கோங்கை வேரோடு பிடுங்காமல், கீழே இரண்டு கணு விட்டு வெட்டினால் மறுபடியும் துளிர்க்கும். ஐந்து சென்டிமீட்டர் உயரமுள்ள மரக்கட்டையைத் தண்டுக்குப் பக்கத்தில் வைத்து, அதன் மேல்விளிம்பை ஒட்டி முனை மழுங்கிய கத்தரிக்கோலால் வெட்டச் சொல்கிறோம். வெட்டிய கீரையைச் சரிபங்காகப் பிரித்துக் கொடுப்பதையும் அவர்களே செய்கிறார்கள். கற்றுக்கொண்டார்களா என்று சோதிக்கத் தேர்வு எதுவும் வைப்பதில்லை. பலகை இல்லாத தொட்டியில் சரியான இடைவெளியில் விதைக்கிறாரா என்று பார்ப்போம். சிலர் ஓரிரு பருவத்தில் பலகையை விட்டுவிட்டார்கள். சிலருக்கு அது எப்போதும் வேண்டியிருக்கும். மூக்குக்கண்ணாடி போட்டுப் படிப்பவரைப் படிக்கத் தெரியாதவர் என்று யாரும் சொல்வதில்லை; பலகை வைத்து விதைப்பவரும் விதைக்கத் தெரிந்தவர்தான்.

இப்போது விதை சேமிப்பைக் கற்றுக்கொடுக்கத் தொடங்கியிருக்கிறோம். வெண்டைச் செடியில் நல்ல காய்கள் இரண்டைப் பறிக்காமல் முற்றவிட்டு, யாரும் வெட்டிவிடாதபடி சிவப்பு நாடா கட்டியிருக்கிறோம். காய் பழுப்பேறி, ஆட்டினால் உள்ளே விதை குலுங்கும் சத்தம் கேட்கும்போதுதான் பறிக்க வேண்டும். பார்வை மங்கியவர்கள்கூடக் காதருகே வைத்துச் சோதிக்கலாம் என்பதால் இந்த வேலையை அவர்களிடமே ஒப்படைத்திருக்கிறோம். மழை மாதங்களில் காயிலேயே விதை பூஞ்சணம் பிடிக்கும் என்பதால், நாடா கட்டிய காய்களுக்கு மேல் சிறு கூரை ஒன்று போட வேண்டியிருக்கிறது. அதன் சட்டத்தைத் தொட்டியோடு சேர்த்து முடுக்குவதா, தனியாகக் கழற்றி மாட்டும்படி வைப்பதா என்பதை முன்னாள் டாக்சி ஓட்டுநரும் அந்த இளைஞரும் அட்டையில் மாதிரி செய்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.